எங்கள் அண்ணன் பயின்ற ஜாஸ்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவராகத் தெரியும். கடைசி நாலு வருஷம் க்ஷயரோகம் பிடித்துப் படுக்கையில் கிடந்தவராகவும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் பத்து வருஷம் ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளப் பாடுபட்டார். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் நடனத்துக்கு வாசிக்கும் ஜாஸ் என்ற சங்கீதம் அது. நம் உறவில் அதைப் பற்றி மரியாதையாகப் பேசியவர்கள் குறைவு. ஆகையால் தங்கையாகிய நான் அதைத்தான் எழுதப் போகிறேன். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "நடந்தத எழுது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதாகும்போது அப்பாவுக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஓர் அரிசி மொத்தக் கடையில் வேலை கிடைத்தது. குடும்பம் இங்கே வந்தது. வந்த நாலாம் வருஷம் அம்மா காலமானார். எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவர் அண்ணன்தான். கோணலாகப் பின்னுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அழுதால், "நாளைக்கு நேராப் பின்னுதேன், மக்கா" என்பார். மறுநாளும் கோணல்தான். பதின்மூன்று வயதில் என் படிப்பை நிறுத்த உறவுக்காரர்கள் சொன்னபோது, "அவ படிக்கட்டும்" என்று அப்பாவிடம் வாதாடியவரும் அவரே. இன்று நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை என்றால் அது அவரால்.

பதினெட்டு வயதில் பேண்டில் சேர்ந்தார். பல்வரிசை நன்றாக இருக்கிறது என்று பார்த்துக் கிளாரினெட்டைக் கையில் கொடுத்தார்களாம். சிவப்புப் பட்டை வைத்த சட்டையும் சம்பளமும் கிடைத்ததில் அப்பாவுக்குத் திருப்தி. காகிதத்தில் எழுதியதை எழுதியபடி வாசிக்கும் வேலை அது. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வாசித்தார்.

அந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து ஒரு நடனக் குழு இங்குள்ள கிளப்புக்கு வந்தது. வரவேற்புக்கு மார்ச் வாசிக்க அண்ணனுடைய பேண்டை அனுப்பியிருந்தார்கள். வாசித்து முடித்துப் பெட்டியைக் கட்டும்போது, அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த மனிதர் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு ஊதினாராம். எதிரே காகிதம் இருந்தது, ஆனால் அவர் அதைத் திருப்பவே இல்லை. கிளப்பின் பியானோக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். மிங்கேல் என்று பெயர். கோவாக்காரர், கொச்சியில் வளர்ந்தவர், அண்ணனுக்கு ஒத்த வயது.

"இது எந்தப் பக்கத்தில எழுதியிருக்கு?" என்று அண்ணன் அவரிடம் கேட்டார்.

"ஒரு பக்கத்திலும் இல்லை. இப்போ, இங்கே நின்னு உண்டாக்குறார்."

அன்று தொடங்கிய சிநேகம் கடைசி வரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் பாளையத்தில் மிங்கேலின் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கிராமபோனும் ஏழெட்டு ஜாஸ் இசைத்தட்டுகளும் இருந்தன. இசைத்தட்டு சுழலும்போது விரல் நுனியால் லேசாகத் தொட்டு ஓட்டத்தை மெதுவாக்கி, ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, ச ரி க என்று தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டுகளில் மூன்று இன்னும் வீட்டில் இருக்கின்றன. எழுதியதை அச்சுப் பிசகாமல் வாசிக்கவும் பழகினார்.

சொந்தமாக வாசிக்கத்தான் வரவில்லை. நம் கச்சேரிகளில் வித்துவான்கள் கற்பனைச் சுரம் பாடுவதை அவர் நிறையக் கேட்டவர். இதுவும் அதுபோலத்தான் என்று நினைத்தார். மிங்கேல் சொன்னதை அண்ணன் எங்களிடம் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"அண்ணாச்சி, ராகம் உங்களுக்கு ஒரு வீடு. கதவைச் சாத்திட்டு உள்ளே எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கலாம். இதிலே தாளம் நாலு தட்டினா ஒரு தரம் வீடு மாறும், கேட்டோ. நாங்க எல்லாம் சாமான் எடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயாச்சு. நீங்க பழைய வீட்டிலேயே நின்னு பாடுறீங்க."

அந்தப் பாட்டுகளின் அமைப்பை அண்ணன் எனக்கு விளக்கியிருக்கிறார். தாளத்தில் நாலு தட்டு சேர்ந்தது ஒரு கட்டம். எட்டுக் கட்டம் ஒரு வரி. நாலு வரி ஒரு பாட்டு. முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் ஒன்றுபோல இருக்கும், மூன்றாவது வரி மட்டும் வேறு பக்கம் திரும்பிவிடும். பியானோக்காரர் இடது கையால் அமுக்கும் சுரக்கூட்டத்தைக் கார்டு என்பார்கள். அது மாறும்போதெல்லாம், தனியாக வாசிப்பவரும் தன் கற்பனையை அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. இடையில் அண்ணனுக்கு நாகர்கோவிலில் பெண் எடுத்துக் கல்யாணம் நடந்தது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. மதினிக்குப் பாட்டில் எந்த நாட்டமும் இல்லை. "ஒரே பாட்டுக்கு எத்தன தரம் ஊதுவாவ!" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார்.

அந்த வருஷக் கடைசியில் கிளப்பில் கிறிஸ்துமஸ் நடனம். மிங்கேலின் குழுவில் ஒருவர் வராததால் அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் அண்ணன் தனியாக வாசிக்க வேண்டும் என்று மிங்கேல் தலையை அசைத்தார். இரண்டு வரி நன்றாகப் போயிற்றாம். மூன்றாவது வரி திரும்பியபோது அண்ணன் தவறிவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. வாயில் குழலை வைத்தபடி ஒரு சுரமும் இல்லாமல் நின்றிருக்கிறார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கிணற்றடியில் பல் தேய்க்கும்போது இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த எட்டுக் கட்டம் எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாது, மக்கா" என்றார். விஷயம் அப்பாவின் காதுக்கும் எட்டியது. கடைக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டார்.

"கண்டவன் பெண்டாட்டியக் கண்டவன் கட்டிப் பிடிச்சு ஆடதுக்கு நம்ம வீட்டுப் பிள்ளை ஊதணுமா? ஊதியும் நாணங்கெடணுமா?" என்று அப்பா கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் பாளையத்துக்குப் போனார்.

அதன் பிறகு ஐந்து வருஷம் அவர் நடக்கும்போதும் எண்ணிக்கொண்டே நடந்தார். ஆரியசாலைத் தெருவில் விரலை மடக்கி மடக்கி முணுமுணுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, மந்திரம் ஜெபிக்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். கிறுக்கு என்று சிலர் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி சுட்ட முறுக்கைக் கொடுக்க நான் பாளையத்துக்குப் போயிருந்தேன். மிங்கேலின் தாயார் என்னை உட்காரச் சொன்னார். மிங்கேல் பியானோவிலும் அவர் குழுவில் ஒருவர் டிரம்மிலும் இருக்க, அண்ணன் வாசித்தது நான் பலமுறை கேட்ட பாட்டுத்தான். மூன்றாவது வரி வரும்போது அண்ணன் மெட்டை விட்டு எங்கேயோ போனார். நாகஸ்வரத்தில் இழைப்பது போல ஒரு சுரத்தைக் கீழேயிருந்து இழுத்து மேலே கொண்டுபோனார். அது நம் ஊர்ச் சங்கதி. ஆனாலும் பியானோவோடு சண்டை போடவில்லை. நாலாவது வரியின் முதல் தட்டில் பியானோவும் டிரம்மும் அண்ணனும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். எனக்கு இந்தச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. அவர்கள் ஒன்றாக இறங்கியது மட்டும் தெரிந்தது. மிங்கேல் வாசிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கிளாரினெட்டை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் பம்பாயில் ஒரு பெரிய ஹோட்டலின் நடனக் குழுவில் அண்ணனுக்கு இடம் கிடைத்தது. மிங்கேலுடைய உறவினர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அண்ணன் அதை அப்பாவிடம் படித்துக் காட்டினார். அப்பா கடிதத்தை வாங்கி மடித்து அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"போ. ஆனா அங்க என்ன வாசிக்கான்னு ஊர்ல ஆராவது கேட்டா, பட்டாளத்து பேண்டுன்னுதான் நான் பறைவேன்" என்றார். அண்ணனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ரயிலேற ஐந்து நாள் இருந்தது. துணி துவைக்கும்போது அண்ணனுடைய கைக்குட்டையில் ரத்தக் கறையைப் பார்த்தேன். கேட்டபோது, பல்லில் காயம் என்றார். உண்மையில் ஒரு மாதமாகவே கிளாரினெட்டின் சீவாளியில் சிவப்பைக் கண்டு துடைத்து வந்திருக்கிறார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். இரண்டு நுரையீரலிலும் நோய் இருந்தது. பம்பாய் இடம் வேறொருவருக்குப் போயிற்று. பேண்ட் வேலையும் போயிற்று. குழந்தையை மதினியின் பெற்றோர் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அது சரியான காரியம்தான். ஆனால் குழந்தை வண்டியில் ஏறும்போது அண்ணன் எட்ட நின்று கையை மட்டும் காட்ட வேண்டியிருந்தது.

ஊதினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். கிளாரினெட் அவர் கண்ணில் படக் கூடாது என்றார். நான் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நான் அதை விற்றுவிட்டதாக உறவில் ஒரு பேச்சு உண்டு. விற்கவில்லை, இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று என் மனதில் கிடக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "மக்கா, ஊத மாட்டேன். கையில வச்சுக்கிட்டு விரல் மட்டும் ஓட்டுதேன். எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"தந்தா ஊதுவிய, அண்ணே. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. நான் செய்தது சரியா தவறா என்று இந்த ஓராண்டாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

மிங்கேல் வந்து அந்த மௌனத்தைத் தீர்த்தார். குதிரை வண்டி அமர்த்தி, வாரம் ஒருமுறை அண்ணனைப் பாளையத்துக்கு அழைத்துப் போனார். ஜன்னலோரமாகப் பியானோவை நகர்த்திப் போட்டு, அதன் முன் உட்கார வைத்தார். அங்கே அண்ணன் முதல் பாடத்திலிருந்து, இடது கைக் கார்டுகளைக் கற்றுக்கொண்டார். ஆறு மாதம் ஆனதும் ஒரு நாள், வண்டியில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்:

"இத்தன காலமும் மேல நின்னு ஊதிக்கிட்டிருந்தேன், மக்கா. அடியில என்ன நடக்குன்னு இப்பத்தான் தெரியுது. தெரிஞ்சப்ப மூச்சு இல்ல."

வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்குத்தான் வீடு வரை தலை நிமிரவில்லை.

கடைசி ஒரு வருஷம் வண்டியில் ஏறவும் முடியவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, உதட்டுக்குள்ளேயே பாடுவார். பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். மனதில் மெட்டு ஓடும்போது கணக்கு தப்பியது. காய்ச்சல் அதிகமானதும் கட்டங்களை எண்ணிக்கொள்ள அவருக்குத் திராணி இல்லை. சென்ற மாசி மாதம் ஒரு காலைப் பொழுதில், முப்பத்துநாலாம் வயதில், மதினி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவர் மூச்சு அடங்கியது.

நோய்க்குப் பயந்து அன்று பலர் வரவில்லை. அவர்கள்மேல் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. பாடைக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்தது. மிங்கேல் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னே வந்தார். வேறு மதத்துக்காரர் தொடலாமா என்று ஒருவர் தயங்கினார். அதுவரை மிங்கேலிடம் ஒரு வார்த்தை பேசியிராத அப்பா, "அவனும் ஒரு பக்கம் பிடிக்கட்டும்" என்றார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது இருவரும் சேர்ந்து நடந்து வந்தார்கள்.

மிங்கேலுக்கும், நோயாளி குடித்த கோப்பையைக் கொதிக்க வைத்து மறுவாரமும் அதே கோப்பையில் காப்பி கொடுத்த அவர் தாயாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த டாக்டருக்கு நன்றி. நோய்க்குப் பயந்து மற்றவர்கள் வேறு கிணற்றுக்கு மாறிக்கொண்டபோதும் எங்களுக்குத் தண்ணீர் இறைத்துத் தந்த அடுத்த வீட்டு அக்காளுக்கு நன்றி. காகிதம் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் இந்த மலரை அச்சிட்டுக் கொடுத்த சாலைக்கடை அச்சகத்தாருக்கும் நன்றி.

மதினிக்கு நன்றி சொல்வது முறையல்ல. ஆனால் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கடைசி வருஷம் முழுவதும், அண்ணன் உதட்டுக்குள் பாடும்போது, கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் கணக்கு வைத்தது மதினிதான். நாலு தட்டு ஒரு கட்டம், எட்டுக் கட்டம் ஒரு வரி. மூன்றாவது வரி வந்ததும் மறு கையால் தட்டுவார், அண்ணனுக்கு இடம் தெரிவதற்காக. ஒரு நாளும் தவறியதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "மதினி, அந்தச் சங்கீதம் உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னத்தப் புரியும்! அவிய எந்த எடத்துல திரும்புவாவன்னு மட்டும் தெரியும்" என்றார்.