சாயம் போன அம்மை

கட்டிங் டேபிளில் துணி விரித்திருக்கும்போது பேன் போடக்கூடாது. ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியில் அதுதான் முதல் சட்டம். அடுக்கிவைத்த துணியின் ஓரத்தைக் காற்று தூக்கிவிட்டால் வெட்டு கோணலாகிவிடும். கட்டிங் மாஸ்டர் கந்தப்பன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பேனப் போட்டா பீஸ் பறக்கும். பீஸ் பறந்தா உங்க வேலையும் பறக்கும், பாத்துக்குங்க" என்பார். சித்திரை மாதம், சிமெண்ட் அட்டைக் கூரை, ஒரு மூலையில் நாள் முழுக்க ஆவி விடும் அயர்ன் டேபிள். பேன் மட்டும் சும்மா தொங்கும்.

முத்தாத்தாளுக்கு அங்கே கைமடி வேலை. டெய்லர் தைத்துப் போடுவதை எடுத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்து அடுக்கவேண்டும். பின்னாளில் ஏர் கூலர் வைத்த எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் அவள் வேலை பார்த்தாள். ஆனால் வெயில் என்ற பேச்சு வந்தாலே அவளுக்கு ஞாபகம் வருவது அந்தப் பழைய ஷெட்தான். வேர்வையில் பஞ்சுத் தூசி ஒட்டி, சாயங்காலம் எல்லாப் பெண்களும் புருவம் நரைத்துப்போய் வெளியே வருவார்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, "வாங்க அம்மாயி, பேரன் பேத்தியெல்லாம் சௌக்கியமுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அதற்குப்பின் எந்தக் கம்பெனியிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

வெக்கையைச் சமாளிக்க அவர்களிடம் ஒரே ஒரு வழி இருந்தது. பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை வெட்டும்போது நீளநீளமாகத் துண்டு மிஞ்சும். அதைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். காய்ந்ததும் மறுபடி நனைப்பார்கள். அதிலும் ஒரு கணக்குப் பார்த்தது கம்பெனி. வெள்ளை வேஸ்ட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் அதைத் தொடக்கூடாது. கலர் வேஸ்ட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

நனைப்பதற்குத் தண்ணீர் இருந்தது. ஷெட்டின் வாசலில் பெரிய மண்பானை வைத்து, அதில் வெட்டிவேரும் போட்டிருந்தார் முதலாளி. பார்க்க வருகிறவர்களெல்லாம் அவருடைய நல்ல மனசைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அந்தப் பானையிலிருந்து பெண்கள் குடிப்பதில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாயைக் கொப்பளிப்பார்கள், துணியை நனைப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஷெட்டில் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குச் சுவர் ஓரம் இருந்தது. பெண்கள் விடியுமுன் முள்ளுக்காட்டுக்குப் போய்விட்டு வந்தால், மறுபடி இருட்டும்வரை அடக்கிக்கொள்ளவேண்டும். தாகத்தை அடக்கினால்தான் அதை அடக்க முடியும். கொதிக்கிற சித்திரையில், நிறைந்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கு வறளக் கிடப்பதைத்தான் இந்த ஊர் அடக்க ஒடுக்கம் என்று சொல்லிவைத்திருந்தது.

அந்த வருடம், எண்பத்தாறாக இருக்கலாம், சிவப்பு டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முத்தாத்தாளுக்குச் சில நாட்களாகவே அடிவயிற்றில் வலி. ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. லீவு போட்டால் வேலை போய்விடும். புருஷன் இல்லாத வீடு. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் அப்படியே பண்டல்மேல் சரிந்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த ஆயம்மாள் அவள் கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு அலறினாள்.

"அய்யோ, கழுத்துல பாருங்க! ஆத்தா வந்துட்டாளுங்க!"

கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று திட்டுத்திட்டாகக் கிடந்தது. மெஷின்கள் நின்றன. பெண்கள் எட்டப் போனார்கள். யாரோ ஓடிப்போய் வேப்பங்கொத்து ஒடித்துவந்து தலைமாட்டில் வைத்தார்கள். ஈஸ்வரமூர்த்தி வாசல்படியிலேயே நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. ஊசி கீசின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா ஆத்தா கோவிச்சுக்குவா" என்றார்.

ஓவர்லாக் மெஷினிலிருந்து நூர்ஜான் எழுந்து வந்தாள். முத்தாத்தாளைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது.

"ஏனுங்க, முகத்துல இல்ல, கையில இல்ல. கழுத்துல மட்டும் வளையம் போட்டாப்புல வருமுங்களா அம்மை?"

"நீ துலுக்கப்புள்ள, உனக்கென்ன தெரியும் எங்காத்தாளப் பத்தி? கிட்டப் போகாதே!" என்றாள் ஆயம்மாள்.

நூர்ஜான் வாசலுக்குப் போனாள். பானையில் கையை நனைத்துவந்து முத்தாத்தாளின் கழுத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். விரல் சிவந்திருந்தது.

"உங்காத்தாளுக்குச் சாயம் போவுதுங்கோ!"

ஷெட்டே வெடித்துச் சிரித்தது. ஆயம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண் திறக்க முடியாமல் கிடந்த முத்தாத்தாளுக்கே வயிறு வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து கட்டியிருந்த சிவப்பு ரிப் வேர்வையில் சாயம் விட்டிருக்கிறது. காய்ச்சல் மட்டும் பொய்யில்லை. நூர்ஜான் ஒரு ஆட்டோவைப் பிடித்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு முதலில் கேட்டது, "தண்ணியே குடிக்கறதில்லையாம்மா நீ?" என்றுதான். சிறுநீர்த் தாரையில் புண்ணாகி, அந்த விஷம்தான் காய்ச்சலாக ஏறியிருக்கிறது என்றார். வீட்டில் யார் யார் என்று விசாரித்துக்கொண்டே மாத்திரை கொடுத்தார். "மாத்திரை இந்தத் தடவைக்குத்தான். இப்படியே அடக்கிட்டிருந்தா கிட்னி போயிடும். அப்புறம் உம் மகளுக்கு யாரு?"

அந்தக் கடைசிக் கேள்வி முத்தாத்தாளை விடவில்லை. உடம்பு தேறி வேலைக்கு வந்த அன்று அவள் நேராகப் பானையிடம் போனாள். சொம்பு நிறைய மொண்டு, எல்லோரும் பார்க்க, மடமடவென்று குடித்தாள். வெட்டிவேர் வாசத்தோடு தொண்டையில் இறங்கிய அந்தக் குளிர்ச்சியைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று பிற்பாடு சொல்வாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். பிறகு உட்கார்ந்து துணி மடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஷெட்டுக்கு முன்னால் இருந்த முதலாளி வீட்டுக்கே போனாள். முதலாளியின் மனைவி பொன்னாத்தாள் கதவைத் திறந்தாள்.

"என்ன முத்தாத்தா?"

"ஒன்னுக்குப் போகோணுங்க்கா."

"அதுக்கு இங்கயா வருவாங்க?"

"வேற எங்கீங்க போறது? வெட்டிவேர் போட்டுத் தண்ணி வெச்சது நீங்கதானுங்களே. ஆசையா இருந்துது, குடிச்சுப்போட்டேன். குடிச்சது வெளிய போகோணுமில்லீங்க?"

பொன்னாத்தாள் ஷெட்டு வாசலில் இருந்த பானையை எட்டிப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பொடக்காளிப் பக்கமா வா" என்று பின்கட்டைக் காட்டினாள். முத்தாத்தாள் போய்விட்டு வெளியே வந்ததும், அவள் நடந்த இடத்திலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அம்மை என்று நினைத்தபோது கைகூப்பி நின்ற குடும்பம்தான் அது. வந்தது மனுஷி என்றதும் தீட்டுக் கழித்தது.

முத்தாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஷெட்டில் நுழைந்ததும் நூர்ஜானிடம், "போயிட்டு வா கண்ணு. தண்ணி தெளிச்சு ஊடு நல்லாக் குளுகுளுன்னு இருக்குது" என்றாள்.

நூர்ஜான் ஒரு சொம்பு குடித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சேவூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்கள் ஒன்றாகவே குடித்தார்கள். கடைசியில் ஆயம்மாளும், "எனக்கும் ஒரு வாய் ஊத்துங்கடி, அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாப் போச்சு" என்று சொம்பை வாங்கினாள். கந்தப்பன் கத்தியை நிறுத்திவிட்டு, "என்னங்கடி இது, பானை காலியாகுது?" என்றார். "வெயிலுங்க மாஸ்டர்! பேனும் இல்லீங்க, தண்ணியாச்சும் குடிக்கறோம்" என்றாள் நூர்ஜான்.

அன்று பிற்பகல் முழுக்க ஷெட்டிலிருந்து வீட்டுக்கு ஓர் ஊர்வலம் போனது. வீட்டில் ஈஸ்வரமூர்த்தி பம்பாய் ஏஜெண்டுக்கு இளநீர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிவப்பு ரிப் கட்டிய பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஜன்னல் ஓரம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஏஜெண்ட் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார். ஈஸ்வரமூர்த்தி இன்னொரு இளநீரை அவர் கையில் திணித்துவிட்டு எழுந்தார். அவர் பின்கட்டுக்கு ஓடிவந்தபோது பொன்னாத்தாள் காலியான மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு, வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

"உங்க பானைத் தண்ணி நடக்குது. தெளிச்சுத் தெளிச்சு எங் கை ஓஞ்சு போச்சு. அவளுகளுக்கு ஒன்னு கட்டறீங்களா, இல்ல நாளைக்கு ஏஜெண்டுக்கு நீங்களே பதில் சொல்லிக்கிறீங்களா?"

"வேலைய உட்டு நிறுத்தறேன் எல்லாத்தையும்!"

"சிவப்பு ஆர்டர யாரு மடிப்பா? நீங்களா?"

அந்த வாரமே கொத்தனார் வந்தார். ஷெட்டின் கடைக்கோடியில், செங்கல் வைத்து, தகரக் கதவு போட்டு ஒரு சின்ன அறை எழும்பியது. சிமெண்ட் காயும்வரை ஊர்வலம் தொடர்ந்தது. மஞ்சள் தண்ணீர் மறுநாளே நின்றுவிட்டது. தீட்டைவிடக் கை வலி பெரிது என்று பொன்னாத்தாளுக்கே விளங்கியிருக்கவேண்டும். கதவு மாட்டிய அன்று பெண்கள் காசு போட்டு நுங்கு வாங்கிவந்தார்கள். கந்தப்பனுக்கும் கொடுத்தார்கள். அவர் நுங்கை உறிஞ்சிக்கொண்டே டேபிளைப் பார்த்தார். விரித்த துணி இல்லை. தானே போய்ப் பேன் சுவிட்சைப் போட்டார். பஞ்சுத் தூசி ஷெட் முழுக்கப் பறந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. ஒருவரும் திட்டவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஈஸ்வரமூர்த்தி எக்ஸ்போர்ட்டில் பெரிய ஆளாகிவிட்டார். வீட்டையும் ஷெட்டையும் இடித்துவிட்டு மாடிக்கட்டிடம் எழுப்ப ஆரம்பித்தார். ஒரு வெயில் காலத்தில் முத்தாத்தாளும் நூர்ஜானும் டவுன் பஸ்ஸில் அந்த வழியாகப் போனார்கள். வாசல், பானை இருந்த இடம், கூரை, எதுவும் இல்லை. வெறும் மண். முத்தாத்தாளுக்கு என்னவோபோல இருந்தது. அப்போது நூர்ஜான் அவள் தோளைத் தட்டிக் கடைக்கோடியைக் காட்டினாள்.

அந்தச் செங்கல் அறை மட்டும் நின்றுகொண்டிருந்தது. தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு, தலையில் சும்மாடு கட்டிய சித்தாளு ஒருத்தி வெளியே வந்தாள். பக்கத்தில் இருந்த டிரம்மில் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டாள். மிச்சத்தை அண்ணாந்து குடித்தாள்.

"குடி சாமி, நல்லாக் குடி" என்றாள் முத்தாத்தாள், பஸ் ஜன்னல் வழியாக.

அந்தப் பெண்ணுக்கு அது கேட்டிருக்காது. பஸ் போய்விட்டது.