ப்ளெயின் ஆப்ஷனுக்கு மாற்று இல்லை

என் வேலை என்னவென்று எங்கள் ஊர் அரிமளத்தில் யாருக்கும் விளங்கவைக்க என்னால் முடிந்ததில்லை. எடிட்டருக்கு டாக்குமெண்ட் எழுதுகிறேன் என்றால், எந்தப் பத்திரிகை என்று கேட்பார்கள். இந்த எடிட்டர் ஆள் இல்லை, கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற கருவி என்று சொன்னால், "அதப் பத்தி எழுதுறதுக்கு என்ன இருக்கு? அடிச்சா எழுத்து விழுகப்போவுது" என்பார்கள். அதற்குமேல் நான் வாதாடுவதில்லை.

எங்கள் கம்பெனி சென்னையில் இருக்கிறது. கூட்டப் பேச்சு, வகுப்புப் பாடம், பேட்டி என்று ஒலிப்பதிவுகளை வாங்கி, கேட்டு, எழுத்தில் இறக்கிக் கொடுப்பது அதன் தொழில். டைப் அடிப்பவர்கள் ஊர் ஊராக அவரவர் வீட்டிலிருந்தே அடிக்கிறார்கள். பழைய லேப்டாப்பிலும் ஓட வேண்டும் என்பதால் கம்பெனியே ஒரு சின்ன எடிட்டரைச் செய்து தன் சர்வரில் வைத்திருக்கிறது. எல்லாரும் அங்கே போய்த்தான் எழுத வேண்டும். மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் எடிட்டரின் பெயரை அடித்து, கொஞ்சம் இடம் விட்டு, எந்த மாதிரித் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்து அடிக்க வேண்டும். டீக்கடையில் டீ என்று மட்டும் சொன்னால் ஏதோ ஒரு டீ வரும். சீனி கம்மி, ஸ்ட்ராங், ஆத்த வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னால் நமக்கு வேண்டிய டீ வரும். அப்படிச் சேர்த்துச் சொல்வதுதான் ஆப்ஷன். எந்த ஆப்ஷனைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தமிழில் எழுதிவைப்பது என் பிழைப்பு.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. எப்படி என்று எழுதலாம், ஏன் என்று எழுதக் கூடாது. வருத்தம் தெரிவிக்கக் கூடாது. தயவுசெய்து என்ற சொல்லே கூடாது. தமிழ் எம்.ஏ. படித்து, நாலு வரிப் பாட்டுக்கு நாலு பக்கம் உரை எழுதிப் பழகிய எனக்கு முதலில் மூச்சு முட்டியது. போகப்போகப் பிடித்துவிட்டது. வளவளவென்று பேசுகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் புள்ளி வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி என் அண்ணன் வீடு. கத்தாரில் பெரிய லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணில் கைவைத்து, மதுரை வரைக்கும் போய்ப் பார்த்தும் கேட்காமல், இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள் நிற்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தட்டை நகர்த்திவைக்க ஓர் ஆள், செருப்பைத் திருப்பிப் போட ஓர் ஆள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையைப் பிடிக்க ஓர் ஆள். பாலைவன ரோட்டில் ராவும் பகலும் தனியாகவே போய்ப் பழகிய மனுஷன். "பக்கத்துல நிக்காத, நிக்காதன்னு எத்தன தடவ சொல்றது? மூச்சு விட முடியல எனக்கு" என்று அண்ணியிடம் கத்துவார். அண்ணி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அங்கேயும் நிற்பது அண்ணனுக்குத் தெரிந்துவிடும். அதற்கும் கத்துவார்.

ப்ளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாதிப் பேர் அதை வைத்து எந்த வேலைக்கும் போனதில்லை. அண்ணனும் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். கை மறக்கவில்லை. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் குரலை அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்து, கம்பெனி வைத்த டைப்பிங் தேர்வை எழுதச் சொன்னேன். தேறிவிட்டார். சேரும்போது என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"கண்ணு தெரியாதவன்னு அங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாது ஆத்தா. நான் அடிக்கிறது நல்லாருந்தா வேல குடுக்கட்டும். இல்லாட்டி போகட்டும்."

நான் சொல்லவில்லை. கம்பெனிக்கு அவர் ஒழுங்காக அடித்துக் கொடுக்கிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

எங்கள் எடிட்டரை வெறுமனே திறந்தால் நாலு பக்கமும் கட்டம் இருக்கும். ஓரத்தில் ஒரு பட்டியல் தொங்கும். அடியில் மணி, சொல் கணக்கு, சேமித்ததா இல்லையா என்று ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். கண் உள்ளவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. குரலுக்கு அந்த விவேகம் கிடையாது. எது மாறினாலும் உடனே படிக்கும். அந்தக் குரலை அடக்கிப் பார்த்தோம், அடிக்கிற வரியையும் சேர்த்தே விழுங்கியது. ப்ளெயின் என்ற ஆப்ஷனைக் கொடுத்துத் திறந்தால்தான் இந்த அலங்காரமெல்லாம் போய், அடிக்கிற வரி மட்டும் நிற்கும். அதை அந்தக் குரல் படிக்கும் வேகத்தில் எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும், அண்ணனுக்குச் சொல்லாகக் கேட்கும்.

அந்த அறையில் இருந்த இன்னொரு நாற்காலியை அண்ணன் வெளியே போடச் சொல்லிவிட்டார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றை ஆளாக உட்கார்ந்து அடிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "வாரேன், வாரேன்" என்று உள்ளேயிருந்து சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பைக் கேட்டு அண்ணி என்னிடம் சிரித்தார். கண் போனபிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. ப்ளெயின் ஆப்ஷன் என்றால் எனக்கு அந்தச் சாத்திய கதவுதான்.

இந்த வருஷம் புது வெர்ஷன் வரப்போகிறது என்று, மாற்றங்களை எழுதுவதற்காக எனக்கு அனுப்பினார்கள். நடுவில் ஒரு வரி: ப்ளெயின் நீக்கப்படுகிறது. திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு மொட்டைமாடிக்கு ஓடினேன், எங்கள் வீட்டில் வீடியோ கால் எடுப்பது அங்கேதான். காயப்போட்ட சேலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மேனேஜரைப் பிடித்தேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

"யாருமே யூஸ் பண்ணலீங்க மேடம். கவுண்ட் எடுத்துப் பாத்துட்டோம். ஜீரோ."

"யூஸ் பண்றாங்க சார்."

"யாருங்க?"

அண்ணன் போட்ட நிபந்தனை நினைவுக்கு வந்தது. "இருப்பாங்கல்ல" என்றேன். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

"இருந்தா கவுண்ட்ல வந்திருக்குமேங்க" என்று பொறுமையாகச் சொன்னார்.

ஏன் வரவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டே என் டாக்குமெண்டைத் திறந்தேன். ப்ளெயின் பகுதியின் கடைசியில் நானே எழுதிய வரி இருந்தது: 'இந்த ஆப்ஷனில் அறிவிப்புகள், நினைவூட்டல்கள், பயன்பாட்டுக் கணக்கு எதுவும் இயங்காது.' ப்ளெயினைப் போட்டுத் திறந்தவர்களை எடிட்டர் எண்ணவே எண்ணாது. ஆளை எண்ணாமல் விட்டுவிட்டு, ஆளே இல்லை என்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் கொடியில் கிடந்த சேலைகளை ஈரத்தோடு மடித்துக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

அதை விளக்கி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நல்ல பாயிண்ட், நாங்கள் கவனிக்கவில்லை, நன்றி. ஆனால் புது வெர்ஷன் முடிந்துவிட்டது, அந்தப் பகுதியையே எடுத்துவிட்டுத்தான் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், திங்கட்கிழமை சர்வரில் ஏறுகிறது. அடுத்த முறை பார்க்கலாம். நான் சொன்னது சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். சொன்னேன். கேட்டுவிட்டு, பழைய வெர்ஷனை நம் லேப்டாப்பில் வைத்துக்கொள்ள முடியாதா என்றார். எடிட்டர் அவர்கள் சர்வரில் அல்லவா இருக்கிறது என்றேன். அது அவருக்கும் தெரியும்.

"நீங்க சரின்னா, ஒங்களப் பத்திச் சொல்லிப் பாக்குறேன்ணே" என்றேன்.

வெளியே புதுக்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சொல்லாதே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"சொல்லு" என்றார் அண்ணன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சொன்னேன். மேனேஜர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மேடம், ரொம்ப இன்ஸ்பையரிங்கா இருக்குங்க" என்றார். அண்ணனைப் பற்றிக் கம்பெனியில் எல்லாரிடமும் சொல்வாராம். ஒரு போட்டோ இருந்தால் அனுப்ப வேண்டுமாம். ஆப்ஷன் என்ன ஆச்சு என்று கேட்டேன். அது கஷ்டம் மேடம் என்றார். பிறகு, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்:

"வீட்ல யாராச்சும் பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனப் படிச்சுச் சொன்னா போதுமேங்க? அவருக்கும் துணையா இருக்குமில்ல?"

நான் போனை வைத்துவிட்டேன். போட்டோ அனுப்பவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. இல்லாமல் போன ஆப்ஷனை யாராவது பழக்கத்தில் அடித்தால், எடிட்டர் என் டாக்குமெண்டில் இருக்கும் வரியைத்தான் எடுத்துக் காட்டும். அந்த வரியை நான் எழுத வேண்டும். கம்பெனி ஒரு மாதிரி கொடுத்திருந்தது: 'இந்த ஆப்ஷன் நீக்கப்பட்டது. புதிய திரை அனைவருக்கும் எளிது.' அனைவருக்கும் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று எழுதக் கூடாது, வருத்தம் தெரிவிக்கக் கூடாது. சட்டத்துக்கு உட்பட்டே எழுதினேன்: 'ப்ளெயின் நீக்கப்பட்டது. இதற்கு மாற்று இல்லை.' கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே என்று கேட்டார்கள். தப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். விட்டுவிட்டார்கள். இந்த மொத்தக் கூத்தில் எனக்குக் கிடைத்த வெற்றி அந்த ஒரு வரி.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் குளித்து, திருநீறு பூசி, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து கிடந்தது. நான் நிலைப்படியிலேயே நின்றேன். அவர் விரல்கள் எப்போதும்போல எடிட்டரின் பெயரை அடித்து, இடம் விட்டு, ஆப்ஷனுக்கு முன்னால் வர வேண்டிய இரண்டு கோடு போட்டு, ப்ளெயின் என்று அடித்தன. ஒருவேளை இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன், எழுதியவளே நான் என்பதை மறந்து.

இயர்போனில் ஏதோ சிணுங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"மாற்று இல்லைங்குது. நீ எழுதுனதா?"

"ஆமாண்ணே."

"பொய் இல்லாம இருக்கு" என்றார்.

பிறகு ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல் வெறுமனே திறந்தார். ஒரு வரி அடித்தார், நிறுத்தினார், மறுபடி அடித்தார். நெற்றியில் வேர்த்தது. இயர்போனைப் பிடுங்கிப் போட்டதும் அந்தக் குரல் அறை முழுவதும் கேட்டது. மணி சொன்னது, சொல் கணக்குச் சொன்னது, சேமிக்கப்படவில்லை என்றது, மறுபடி மணி சொன்னது. அவர் அடித்த வரி மட்டும் வரவே இல்லை. கையால் தடவிப் பார்த்துச் சத்தத்தை அணைத்தார். நான் வந்து நின்றது தெரிந்தும் இத்தனை நேரமாக அவர் கத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தியிருக்கலாம். கத்த மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"அந்த இன்னொரு நாற்காலி எங்க கெடக்கு?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி வாசலிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் தன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி இடம் விட்டார்.

"இங்கிட்டு வந்து உக்காரு ஆத்தா" என்றார். "தெரையில என்ன இருக்குன்னு படி."

நான் உட்கார்ந்து படித்தேன்.