நூறு கோடியே ஏழு

திருநகரில் கணக்கு டியூஷன் எடுக்கிறவன் நான். என் கல்யாணத்துக்குக் கூட்டாளிகள் பிளக்ஸ் அடிக்கிறோம் என்றபோது, சிங்கம், புலி, கூலிங்கிளாஸ் எதுவும் வேண்டாம், 1000000007 என்று மட்டும் பெரிதாகப் போடுங்கள் என்றேன். நூறு கோடியே ஏழு. பகா எண். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறெந்த எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடாது. மூன்று மாதமாக டியூஷன் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன். கட்டிக்கப்போகிற பெண்ணிடமும் போனில் விளக்கினேன். "அப்படியா" என்றாள், பாவம்.

கல்யாணத்தன்று காலையில் சமயநல்லூர் மண்டபத்து வாசலில் இறங்கிப் பார்த்தால், பிளக்ஸில் 1000000017 என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் பெரியப்பா செல்போனோடு நின்றார்.

"யாரு நம்பருடா இது? எடுக்கவே மாட்டேங்குறாய்ங்க."

இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. கூட்டல் ஒன்பது வந்தால் எண்ணும் ஒன்பதால் வகுபடும். சின்ன வகுப்புப் பாடம். மதியச் சாப்பாட்டுக்கு டியூஷன் மொத்தமும் வருகிறது. மானம் கப்பலேறிவிடும். பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"என்னைய ஏண்ணே வையிறீங்க? பொண்ணோட அப்பாதான் நேத்து வந்து மாத்தச் சொன்னாரு."

மாமனார் சமையல்கட்டில் சாம்பார் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதென்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா மாப்ள? ஒன்னும் ஏழும் எட்டு. சனியோட நம்பரு. அதப் போயி வாசல்ல கட்டுவாங்களா? நடுவுல ஒரு ஒன்னப் போட்டு ஒம்பதாக்கிட்டேன்."

"மாமா, ஒன்பதாக்கினதாலதான் அது பகா எண்ணே இல்லாமப் போச்சு."

அவர் கரண்டியை வைத்தார். "ஏற்கனவே ஒரு தடவ இவளுக்குப் பத்திரிகை அடிச்ச பிறகு கல்யாணம் நின்னு போச்சு மாப்ள. தாலி ஏறுற வரைக்கும் எனக்கு எதப் பாத்தாலும் பயமா இருக்கு."

நின்றுபோன கதை எனக்குத் தெரியும். அதில் அவர் பட்ட பாடு தெரியாது. வெட்கமாக இருந்தது. கோபம் முழுசாகத் தீரவில்லை என்பதும் உண்மை.

தாலி கட்டியாயிற்று. மதியம் பிள்ளைகள் மேடையேறினார்கள். என் தப்பைப் பிடிப்பதற்காகவே டியூஷனுக்கு வருகிற பிளஸ் டூ பெண் ஒருத்தி, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சார், வாசல்ல போட்டிருக்கிற நம்பர் ஒன்பதால வகுபடுது சார்!"

பக்கத்தில் நின்ற மாமனாரின் முகம் வெளுத்தது. எங்கள் வீட்டார் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"நான்தாம்மா கடையில தப்பா எழுதிக் கொடுத்துட்டேன்" என்றேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் சித்தப்பாக்களும் சேர்ந்துகொண்டார்கள். மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் கைபோட்டுச் சபைக்குச் சொன்னார்.

"விடுங்கப்பா. கணக்கு வராட்டி என்ன, எம் மாப்ள தங்கம்."