ஷார்ட் பட்டியலில் அவருடைய கம்பெனி

மகள் பிறந்த பிறகு சென்னைக்குப் போய்வர முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று ஆபீசில் விட்டுவிட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நடுவில் உட்கார்ந்து அமெரிக்கச் சந்தையின் ஷார்ட் கணக்கைப் பார்ப்பேன்.

ஒரு கம்பெனியின் பங்கு விழும் என்று நினைக்கிறவர்கள், கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பார்கள். விலை இறங்கினதும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள்; இதற்குத்தான் ஷார்ட் என்று பெயர். அப்படி விற்று இன்னும் திருப்பாத பங்குகள் எத்தனை என்று மாதம் இரண்டு முறை அங்கே பட்டியல் போடுவார்கள். அதைப் போன பட்டியலோடு ஒப்பிட்டு, ரொம்ப ஏறியவற்றுக்குச் சிவப்பு அடித்து அனுப்புவது என் வேலை.

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருந்தார். பொன்னேரிக்கரையில் கம்பெனி பஸ் ஏறுவார். அதன் தாய்க் கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. என் பட்டியலிலும் இருந்தது. பல வருஷம் அந்த வரிசை அசையாமல் கிடந்தது. அதைத் தாண்டிப்போகும்போது, தெரிந்தவர் வீட்டு வாசலைக் கடப்பதுபோல ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசியில் அந்த எண் ஏறியது. அடுத்த பட்டியலில் இன்னும் ஏறியது. மூன்றாவது முறை நானே அதற்குச் சிவப்பு அடித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அவரோ வேறு பேச்சோடு வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்களாம். சம்பளம் கிட்டத்தட்ட இதேதான், பதவி கொஞ்சம் மேலே. அங்கேயே தங்க வேண்டும்.

"நீ இன்னா சொல்றமா? போவட்டுமா?" என்று கேட்டார். எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்.

மகளுக்கு அப்போது நாலு வயது. அடிக்கடி வீசிங் வரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட அவர் பக்கத்தில் வேண்டும் என்று இருந்தது. அது மட்டுமில்லை, தனியாக இருக்க எனக்குப் பயம்.

"இங்க நல்லாத்தானே இருக்குது. எதுக்கு அங்க போயி அலையணும்?" என்றேன்.

சிவப்பு அடித்ததைச் சொல்லவில்லை. எத்தனையோ கம்பெனிகளுக்கு இப்படி ஏறி, ஒன்றும் ஆகாமல் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பந்தயம் கட்டுகிறவன் சொல்வதெல்லாம் நடக்குமா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் ஓசூருக்கு வரவில்லை என்று மறுநாளே சொல்லிவிட்டார். பொங்கல் வரைக்கும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

மாசி மாதம் ஒருநாள், காலை ஷிஃப்டுக்குப் போனவர் பத்தரை மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். கேட்டிலேயே எல்லாரையும் நிறுத்தி நோட்டீசைப் படித்துக் காட்டினார்களாம். இரண்டு லைனை மூடுகிறார்கள். அவருடையது அதில் ஒன்று. சட்டையைக்கூட மாற்றாமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஓசூரில் கேட்டுப் பார்த்தார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு பகலெல்லாம் வீட்டில்தான். ஒருநாள் காப்பியை என் மேசையில் வைத்தவர் திரையில் தன் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டார். இது இன்னா கணக்கு என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய எண்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"இது எப்பத்துலருந்து ஏறிக்கினு இருக்குது?"

"ஐப்பசியில இருந்து."

"ஓசூர்ல கூப்டது கார்த்திகையிலதான?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் திட்டியிருந்தால் நானும் அழுது, குழந்தைக்காகத்தான், பயத்தில்தான் என்று சொல்லியிருப்பேன். அவர் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலு மாதம் காண்ட்ராக்டில் ஒரு குடோனுக்குப் போனார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, புனேவில் வேலை கிடைத்திருப்பதாகவும் புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதாகவும் சொன்னார். போகட்டுமா என்று கேட்கவில்லை. நானும் பெட்டியில் எதை எதை வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

இப்போது தினமும் சாயங்காலம் போன் வருகிறது. மகளோடு ரொம்ப நேரம் பேசுவார், சிரிப்பதுகூடக் கேட்கும். போன் என் கைக்கு வந்ததும் சிலிண்டர் வந்ததா, மருந்து இருக்கிறதா என்று விசாரிப்பார். இருக்கிறது என்பேன். சரி, வைக்கிறேன் என்பார்.