டொக்டரின் ஆறாவது கைத்துப்பாக்கி

மருந்துச் சீட்டில் கைத்துப்பாக்கி எழுதி நீட்டிய டொக்டர் ஒருவரை எனக்குத் தெரியும். சனிக்கிழமை பதினொரு மணிபோலக் கடைக்கதவின் மணி அடிக்கும். தொப்பியில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு, கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்து வைப்பார். மேலே அவருடைய பெயரும் பட்டங்களும் அச்சிட்டிருக்கும். கீழே, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எழுதுகிற அதே கோழிக் கிறுக்கலில் ஆறு வரிகள். ஐந்து வரிகளுக்கு எதிரே சரி போட்டிருக்கும். ஆறாவது வரி வெறுமனே கிடக்கும். என் முதலாளிக்கு அந்த எழுத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் விளங்காது. மருந்துக்கடைக்காரர்களை விட்டால் ரொறன்ரோவில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நகரின் கிழக்குப் பக்கத்தில், தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு பழைய கடையில் எனக்கு எழுத்து வேலை. கடையின் முன்பாதி தூண்டில்களும் வலைகளும், பின்பாதி துப்பாக்கிகள். நானும் அம்மாவும் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். அம்மாவிடம் முன்பாதியை மட்டுமே சொல்லியிருந்தேன். துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த பிள்ளை துவக்குக் கடையில் வேலைக்கு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டால் மனுசி அன்றைக்கே படுத்துவிடுவார். பக்கத்து வீட்டு அன்ரிக்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஆனால் அம்மா தூண்டில் கடையை மீன்கடை என்று எடுத்துக்கொண்டார். "மீன் கடையில நிக்கிறாய், ஒரு விளைமீன் கொண்டுவந்து தரமாட்டியோ?" என்று மாதத்துக்கு ஒருக்கால் குறைப்படுவார். நானும் பஸ் ஏறிப்போய் வேறெங்கோ மீன் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

முதலாளி பெரிய யுத்தம் முடிந்த கையோடு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கிழவர். பேச்சு மிகக் குறைவு. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு சட்டம் போட்டார்: கடதாசி என் பக்கம், இரும்பு அவர் பக்கம். ஒருவர் கைத்துப்பாக்கி வாங்கினால் அதைக் கையோடு கொண்டுபோக முடியாது. படிவம் நிரப்பி அனுப்பி, பொலிசிடமிருந்து பதிவுக் கடிதம் வரும்வரை அது கடைப் பெட்டகத்திலேயே கிடக்கும். அதனால் வாங்கியவர்கள் வாராவாரம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல, தங்கள் பொருளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் படிவங்களைத் தட்டச்சு செய்வதுதான் என் தொழில். மூன்று வருடம் அவற்றுக்கு நடுவில் இருந்தேன், ஒரே ஒரு நாளைத் தவிர ஒன்றையும் தொட்டதில்லை.

டொக்டர் தமிழர் என்பது பெயரைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். எனக்குத் தமிழ் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அவர் எழுபதுகளில் லண்டன் வழியாக வந்து பிக்கரிங்கில் பெரிய வீடு கட்டிக்கொண்டவர்; நான் நேற்று வந்த அகதி. எங்கள் சனங்களிடையே இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தும் பாராத மாதிரிப் போகும். இரண்டு மாதம் இங்கிலீசிலேயே ஓடியது. ஒருநாள் படிவங்கள் அடுக்கிய மேசை லாச்சி கழன்று என் காலில் விழுந்தது. "ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டேன். டொக்டர் காலையும் பார்க்கவில்லை, காயத்தையும் பார்க்கவில்லை. "பிள்ளை, நீர் எவடம்?" என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கு உயிர் போனாலும் ஊர் தெரிந்தாக வேண்டும். வடமராட்சி என்றேன். அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி விரலை அமத்திப் பார்த்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. அவர் பேசுவதைக் கேட்பதே ஒரு சந்தோசம். மற்றச் சேகரிப்பாளர்கள் ஒரே கம்பனியின் பொருளை வருடவாரியாக வாங்கி அடுக்குவார்கள். டொக்டருக்கு அது பிடிக்காது. "வாழையிலையில நாலு கறியும் கத்தரிக்காயெண்டால் அது விருந்தோ?" என்பார். வகைக்கு ஒன்று, அந்த வகையில் நல்லதாக ஒன்று, அவ்வளவுதான் அவர் கணக்கு. தீக்கல்லால் பற்றவைக்கும் ஒற்றைக் குண்டுப் பழசு ஒன்று வைத்திருந்தார். அமெரிக்க மாட்டுக்காரர்கள் இடுப்பில் தொங்கவிட்ட பெரிய றிவோல்வர் ஒன்று. குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென்றே செய்த, பிடி மாத்திரம் கைக்கு அளவாகக் கடைந்த மெல்லிய ஒன்று. சுடும்போது மேற்பக்கம் வெட்டுக்கிளியின் முழங்கால்போல மடிந்து எழும்பும் ஜெர்மன்காரன் ஒன்று. ஐந்தாவது, சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டி. குட்டிகளை இனி விற்கவே விடமாட்டார்கள் என்று புதுச் சட்டம் பற்றிய கதை அடிபட்டபோது, வாழ்க்கையில் அவசரப்பட்டறியாத மனுசன் அந்த ஒன்றை மட்டும் ஒரே கிழமையில் தெரிவு செய்தார்.

மற்றபடி அவர் தெரிவு செய்யும் விதம் பெண் பார்க்கிற விதம்தான். வெள்ளைத் துணியை விரிக்கச் சொல்லுவார். வலப்பக்கம் பார்ப்பார், இடப்பக்கம் பார்ப்பார், குழலுக்குள் சின்ன டோர்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு தன் ஸ்ரெதஸ்கோப்பையும் வைத்துப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். கடைசியில், "நல்ல சாமான்தான், ஆனால் எனக்கு இல்லை" என்று துணியை மூடுவார். இவ்வளவும் வாங்கி ஒருநாள்கூட அவர் சுட்டதில்லை. சுடும் கழகத்துக்குப் போகச் சொல்லி முதலாளி கேட்டபோது, தனக்குச் சத்தம் ஒத்துவராது என்றார்.

ஆறாவது வரி, நடுவில் முறிந்து திறக்கும் இங்கிலீஸ்காரர் காலத்துப் பொலிஸ் றிவோல்வர். அடியில், கழுத்துக் கயிறு மாட்ட ஒரு வளையம் இருக்க வேண்டும். அதையேன் இப்படித் தேடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். வாடிக்கையாளர் வேறு யாருமில்லாத, மழை பெய்த ஒரு சனிக்கிழமை. அவருடைய அப்பா பொலிசில் சப்-இன்ஸ்பெக்டர். தீவுப் பக்கத்தில் கடமை. ஒரு மத்தியானம் சைக்கிளில் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை வழியில் மறித்துச் சுட்டுவிட்டு, இடுப்பிலிருந்த றிவோல்வரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டொக்டர் அப்போது கடல் கடந்து நின்றார், செத்தவீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. வெறும் தோலுறைதான் வீட்டுக்கு வந்ததாம். இதையெல்லாம் அவர் நோயாளியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "பிள்ளை, ஆர் செய்தது, ஏன் செய்தது எண்டு நான் இப்ப கேக்கிறேல்லை. எனக்கு ஒண்டு மட்டும் தெரிய வேணும். அண்டைக்கு அப்பா சாப்பிடேல்லை. அதைச் செய்தவன் வீட்டை போய்ச் சாப்பிட்டவனோ?"

நான் படிவத்தில் ஏதோ பிழை தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் அந்த மாதிரி றிவோல்வர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினேழு. அவன் இயக்கத்துக்குப் போய் மூன்று மாதம். ஒருநாள் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, துவாயில் சுற்றியிருந்த ஒன்றை என் கையில் தந்தான். பொலிஸ்காரர் ஒருவரிடமிருந்து எடுத்தது என்றான். அந்தப் பொலிஸ்காரருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்தநாள் ஊரே சொன்னது. இரண்டு கிழமை அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துச் சோறும் சமைத்தேன். பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனான். ஒரு வருடம் கழித்து அவனும் இல்லை. உடலும் வரவில்லை.

டொக்டர் சொன்ன, அவருடைய அப்பா செத்த வருடத்தை மனதுக்குள் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தம்பி அதைக் கொண்டுவந்ததற்கு இரண்டு வருடம் முந்தி. இடமும் வேறு. அந்தக் காலத்தில் என் தம்பி பள்ளிக்கூடத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தான். அவனில்லை, அவனில்லை என்று நெஞ்சு ஆறியது. அடுத்த நிமிடமே வெட்கமாகிவிட்டது. இவருடைய அப்பா இல்லையென்றால் வேறொருவருடைய அப்பா. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

அடுத்த மாரியில் முதலாளிக்கு ஒரே தடவையில் இரண்டு றிவோல்வர்கள் கிடைத்தன. இரண்டும் டொக்டர் தேடிய வகை. ஒன்று புதிதாய்ச் சாயம் ஏற்றிப் பளபளவென்று இருந்தது. மற்றது தேய்ந்து பழுப்பேறி, வளையம் கொஞ்சம் நெளிந்திருந்தது. டொக்டர் துணியை விரித்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். முதலாளி பொறுமையிழந்து தேநீர் போடப் போய்விட்டார். "எனக்கு ஏலாமல் கிடக்கு. பிள்ளை, நீர் ஒருக்காப் பாத்துச் சொல்லும்," என்றார். நான் பழசைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. எடுத்த கை சும்மா இருந்திருக்கலாம். பெருவிரல் தானாகப் போய்ப் பக்கத்து நெம்பை அமத்த, குழல் முன்னால் மடிந்து, ஆறு ஓட்டைகளும் வாய் திறந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து, வெறுமை என்று கண்டு, மணிக்கட்டை ஒருதரம் உதறி மூடினேன். தம்பி காட்டித்தந்தபடி, ஒன்றும் குறையாமல்.

டொக்டர் றிவோல்வரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். "உது கடையில பழகினதோ?"

"இல்லை, டொக்டர்."

"பின்னை?"

"தம்பி காட்டினவன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, கோட்டுக்குப் பொத்தானும் போடாமல் வெளியே போய்விட்டார். மருந்துச் சீட்டு மேசையிலேயே கிடந்தது.

அடுத்த நான்கு சனிக்கிழமையும் அவர் வரவில்லை. ஸ்ரீற்கார் கண்ணாடியை அதிரவைக்கும்போதெல்லாம் கதவைத்தான் பார்த்தேன். முதலில் பயம். இயக்கக்காரனின் தமக்கை துவக்குக் கடையில் நிற்கிறாள் என்று ஒரு சொல் போதும், வேலையும் போகும், அகதி விண்ணப்பமும் போகும். பிறகு கோபம் வந்தது. லண்டனில் படித்து இங்கே வந்து இருந்துவிட்டவருக்கு என்ன தெரியும், எங்கள் வீட்டு வாசலில் ஆமி வந்து நின்றது தெரியுமா, தம்பியின் சிநேகிதனை எங்கே கண்டெடுத்தோம் என்று தெரியுமா என்று சட்டி பானை கழுவும்போது மனதுக்குள் சண்டை பிடித்தேன். கோபம் ஆறியபின் மிச்சமிருந்தது கவலைதான். அந்த மனுசனை எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் என் ஊரைக் கேட்டுவிட்டு என் காலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாவது சனிக்கிழமை வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. முதலாளி முன்பக்கத்தில் ஒருவருக்குத் தூண்டில் காட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"என்ர அப்பாவின்ரையோ அது?"

"இல்லை, டொக்டர். அது இரண்டு வருசம் பிந்தி. இடமும் வேற. அம்மாவாணை."

"தம்பி எங்க இப்ப?"

"இல்லை."

பிறகு அவர், நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார். "அண்டைக்கு... அவன் வீட்டை வந்து சாப்பிட்டவனோ?"

"இல்லை," என்றேன். "மூண்டு நாள் ஒண்டும் வாயில வைக்கேல்லை. காய்ச்சலெண்டு நினைச்சு அம்மா கஞ்சி காய்ச்சிக் குடுத்தவ. அதையும் சத்தியெடுத்துப் போட்டான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காணும், பிள்ளை. இவ்வளவும் எனக்குக் காணும்," என்றார். பிறகு பழசைத்தான் தெரிவு செய்தார். படிவத்தை நான் தட்டச்சு செய்தேன். வைத்திருக்கும் நோக்கம் என்ற கட்டத்தில் சேகரிப்பு என்று போட்டேன். பதிவுக் கடிதம் வந்து அவர் அதைக் கொண்டுபோன அன்றைக்கு எனக்கு ஒரு பெட்டி இனிப்புத் தந்தார். அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் வந்தார், வாங்குவதற்கு ஒன்றுமில்லாமலேயே. முதலாளிக்கு வயதாகிக் கடையை விற்கும்வரை அப்படித்தான்.

போன வருடம் டொக்டர் செத்துப்போனார். நல்ல வயதில், நித்திரையில். முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பிக்கரிங்குக்குப் போனேன். சாப்பாடு முடிந்தபின் அவருடைய மகள் என்னை மேல்மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெட்டகத்தைத் திறந்து காட்டினாள். ஆறும் இருந்தன. இப்போதைய சட்டத்தில் அவற்றைத் தானும் வைத்திருக்க ஏலாது, ஒருவருக்கும் விற்கவும் ஏலாது, திங்கட்கிழமை பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போகும், கடதாசி எல்லாம் சரியா என்று ஒருக்காப் பாருங்கோ என்றாள். பார்த்தேன். எல்லாம் என் கையால் அடித்த படிவங்கள். ஆறாவதை அவள் தொடாமல் விரலால் சுட்டினாள்.

"அன்ரி, திஸ் வன் நீங்கள்தானே எடுத்துக் குடுத்தது? அந்த மூண்டு நாள் சாப்பிடாத பெடியன்ர கதையை அப்பா எங்களுக்கு எப்பவும் சொல்லுவார். அதுக்குப் பிறகுதானாம் அவருக்கு ஒழுங்கா நித்திரை வந்தது. என்ர கிட்ஸுக்கும் சொல்லியிருக்கிறார். இட்ஸ் ட்ரூ, ரைட்?"

"ஓம், பிள்ளை," என்றேன்.

தம்பி துவாயில் சுற்றியதைக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். தம்பி கிணற்றடியில் கை கால் கழுவிவிட்டு வந்து குசினி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தான். நல்ல பசி அக்கா என்றான். புட்டும் மாம்பழமும் இருந்தது. கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கோ என்று கேட்டான். நான்தான் போட்டேன்.