வாடகைக்குப் போன சடைநாகம்

என்னோடு ஒரே அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை செய்யும் தோழி தன் மகளின் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபம். மணப்பெண் தாலிக்குக் குனிந்தபோது அவள் முதுகில் தொங்கிய சடைநாகத்தைப் பார்த்தேன். அது என் அப்பாவுடையது.

சந்தேகத்துக்கே இடமில்லை. சிவப்புத் துணியில் வரிசையாகத் தைத்த, கண்ணாடிக் கல் பதித்த பித்தளைத் தகடுகள், உச்சியில் படமெடுத்த நாகம், கீழே மூன்று குஞ்சம். நடுவில் ஒரு தகட்டில் மட்டும் பூ கோணலாக இருக்கும். தொலைந்துபோன ஒன்றுக்குப் பதிலாக அப்பா பிஸ்கட் டின்னை வெட்டி, ஆணியால் பூ அடித்துச் செய்தது. அந்தக் கோணல் பூ மேடை விளக்கில் பளிச்சென்று தெரிந்தது.

அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். நாங்கள் ஜிந்துப்பிட்டியில் குடியிருந்தோம். கடை அடைத்ததும் நாடக ஒத்திகைக்குப் போவார். அவருக்கு எப்போதும் பெண் வேடம்தான். பகல் முழுக்கப் புடவை விரித்துக் காட்டிய மனிதருக்குத் தனக்குத் தானே கட்டிக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தெருவில் சிலர் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா அதைச் சட்டை செய்ததே இல்லை. நான் செய்தேன். அப்படிச் சிரித்த ஒருவனைக் கல்லால் அடித்திருக்கிறேன்.

அப்பா இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, வெள்ளவத்தையிலுள்ள ஒரு சங்கத்தின் செயலாளர் கொட்டாஞ்சேனையில் என் வீடு தேடி வந்தார். பாமன்கடையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர். சங்கத்தில் ஒரு மரபு அறை திறக்கப் போவதாகச் சொன்னார். தேநீரைக் குடித்துக்கொண்டே சடைநாகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்கட வீட்டுச் சாமான் மட்டுமில்லை. கொழும்புத் தமிழ்ச் சனத்தின்ர சொத்து. அலுமாரிக்குள்ள கிடந்தா கறுத்துப் போகும். நாங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சுப் பாதுகாப்பம்."

நம்பிக் கொடுத்தேன். திறப்பு விழாவில் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரும், ராணி வேடத்தில் அவருடைய படமும் இருந்தன. வந்தவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிக்காமல் நின்றார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்து செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எங்கப்பாவோட சடைநாகம் எங்கங்க இருக்கு?"

"பெட்டிக்குள்ளதான் தங்கச்சி. ஏன் கேக்கிறியள்?"

"இங்க ஒரு கல்யாணப் பொண்ணு தலையில இருக்கு."

"மணப்பெண் அலங்காரம் செய்யிற பிள்ளை ஒண்டு கேட்டவ. ரெண்டு மூண்டு தரம் குடுத்தனாங்கள். சங்கத்துக்கு லைட் பில் கட்ட வேண்டாமே? சும்மா கிடக்கிறதை விட நாலு பேர் போட்டால்தானே மரபு வாழும்" என்றார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பாதுகாப்போம்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனீங்க?"

"கோவிக்காதேங்கோ தங்கச்சி..."

இணைப்பைத் துண்டித்துவிட்டேன். தாலி கட்டி முடிந்து, மணப்பெண் கூறையை மாற்றி வேறு புடவை கட்ட உள்ளே போனதும் நானும் அந்த அறைக்குள் போனேன். அலங்காரம் செய்பவள் ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சடைநாகத்தைக் கொடு என்றேன்.

"ஏலாது மிஸ். வாடகைக்கு எடுத்தது. சங்கத்திட்டத்தான் திருப்பிக் குடுப்பன்."

என் தோழி, மணப்பெண்ணின் தாய், ஓடி வந்தார். "என்னப்பா பிரச்சினை?"

"இது எங்க வீட்டுது. எங்கப்பாவோடது."

"உங்கட அம்மான்ரயோ?"

"இல்லீங்க, அப்பாவோடது. நாடகத்துல பொம்பள வேஷம் போடுறப்ப அவரு போட்டது."

அவர் முகம் சுருங்கியது. என்னை விட்டுவிட்டு அலங்காரக்காரியிடம் பாய்ந்தார். "ஆர் போட்டது எண்டு விசாரிக்காமலே கொண்டு வந்தனீ? தாலி ஏறுற நேரத்தில ஒரு கூத்தாடின்ர சாமானையோ என்ர பிள்ளையின்ர தலையில வைச்சனீ? கழட்டு, கெதியாக் கழட்டு!"

"விடுங்கோம்மா, வடிவாத்தானே இருந்தது" என்றாள் மணப்பெண், கண்ணாடியைப் பார்த்தபடி. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. சடைநாகம் நாற்காலியில் வந்து விழுந்தது. என் தோழி வாசலை எட்டிப் பார்த்து, "ஆராவது மஞ்சள் தண்ணி கொண்டு வாங்கோ" என்று கூப்பிட்டார். மகளின் தலையில் தெளிக்கத்தான்.

அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான் பேசியிருக்கிறோம்.

"கல்யாண வீடாச்சேன்னு பாக்கிறேன். இல்லாட்டி இப்ப நல்லா வாங்கியிருப்ப" என்றேன்.

சாப்பிடவில்லை. கைப்பையில் அடங்காத குஞ்சங்கள் வெளியே தொங்க, காலி வீதியில் பஸ் ஏறினேன். வீட்டில் விரித்துப் பார்த்தேன். கல் விழுந்த இடங்களில் எல்லாம் பிளாஸ்டிக் கல் ஒட்டியிருந்தார்கள். அப்பா பொறுக்கிப் பொறுக்கிப் பதித்த சிவப்புக் கண்ணாடிக் கற்களுக்கு நடுவே, குழந்தைகளின் செருப்பில் மின்னுகிற ரோஸ் நிறக் கற்கள்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்துக்குப் போனேன். பெட்டி வெறுமையாக இருந்தது. அப்பாவின் படம் அப்படியே இருந்தது.

"வெளிநாட்டில இருந்து ஆக்கள் பாக்க வருகினம் தங்கச்சி. ஒரு கிழமைக்குத் தாங்கோ, திருப்பித் தாறம்" என்றார் செயலாளர்.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

"அது சங்கம் செலவழிச்சு பிரேம் போட்டது!"

படத்தை மட்டும் உருவிக்கொண்டு சட்டத்தை அவர் கையில் கொடுத்தேன். "பொதுச் சொத்தை நாசமாக்கிறியள்" என்று படிவரை வந்து கத்தினார்.

தோழியும் நானும் இன்னும் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம். கோப்பு ஏதாவது தர வேண்டியிருந்தால் பியூனிடம் கொடுத்து அனுப்புகிறார். கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தவள் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் உட்கார்ந்து அந்தப் பிளாஸ்டிக் கற்களைக் கத்தி நுனியால் நெம்பி எடுக்கிறேன். பசை கல்லாக இறுகிக் கிடக்கிறது. போன வாரம் கத்தி வழுக்கி ஒரு தகட்டில் நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது. அதற்கும் செயலாளரைத்தான் திட்டினேன்.