லாரி மாமாவின் ஹாரன்

தரையில் உட்காருவதற்கு முன் லாரி மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒரு முழங்கால், மறு முழங்கால், கடைசியில் ஒரு பெருமூச்சு. பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்குவதுபோல அந்தப் பெரிய உடம்பு கீழே வந்து சேர்வதற்குள், எதிரே அழுதுகொண்டிருக்கும் பிள்ளை பாதி அழுகையை மறந்துவிடும். அழுகிற பிள்ளையிடம் நின்றுகொண்டு பேசக்கூடாது என்பது அவர் கட்சி. "மேல இருந்து பேசினா அதுக்குப் பேரு பேச்சு இல்ல, அதட்டல்" என்பார்.

இடுப்பு வலி வந்து ஸ்டியரிங்கை விட்ட பிறகு, வீட்டு முன்ஹாலில் மனைவி நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில்தான் அவருக்கு உத்தியோகம். காப்பகம் அவள் பொறுப்பு, சத்தம் அவர் பொறுப்பு. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை விட்டுச் சாயங்காலம் அழைத்துப் போவார்கள். பிள்ளைகளுக்கு அவர் மாமா, அவள் அத்தை. முதல் நாள் அவர் மீசையைப் பார்த்து வீறிட்ட பிள்ளை, வாரம் திரும்புவதற்குள் அதைப் பிடித்துத் தொங்கும்.

வண்டி பாஷை அவர் நாக்கை விட்டு இன்னும் இறங்கவில்லை. முகம் சிவந்து நிற்பவனிடம், "என்னடா, இன்ஜின் சூடாயிடுச்சா? தண்ணி குடி, ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்பார். முரண்டு பிடிப்பவளிடம், "ரிவர்ஸ்லயே போறியே பாப்பா, பின்னாடி ஆளு இருக்கு பாரு" என்பார். கோபத்துக்கென்று ஒரு சுவரையே ஒதுக்கி வைத்திருக்கிறார். கோபம் வந்த பிள்ளை இரண்டு கையாலும் அதைத் தள்ளவேண்டும். கூடவே அவரும் தள்ளுவார்.

"நகருதா?"

"நகரல மாமா."

"விடாத. இன்னும் கொஞ்சம்."

தள்ளித் தள்ளி மூச்சு வாங்கி, கடைசியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சுவரில் பிள்ளைகளின் கை எட்டும் உயரம் வரை ஒரே அழுக்கு. வெள்ளையடிக்கலாம் என்று மனைவி சொன்னால், "என் சர்வீஸ் ரெக்கார்டை அழிக்கப் பாக்கறியா?" என்பார்.

சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையையும் அனுப்பும்போது, அதன் முதுகுப்பையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, கிளீனர் குரலில் "போலாம், ரைட்!" என்று கத்துவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "தெருவே சிரிக்குது. வீடா இது, லாரி ஷெட்டா?"

எல்லாரிடமும் பலித்த சுவர் சுண்டுவிடம் மட்டும் பலிக்கவில்லை.

சுண்டுவுக்கு நாலு வயது. கடிப்பாள். அதனால் மற்ற பிள்ளைகள் சுண்டெலி என்றார்கள். மாமாதான் வாலை வெட்டிச் சுண்டு ஆக்கினார். அவள் அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. கூட்டம் ஓய்ந்தால்தான் கிளம்பமுடியும், அதனால் தினமும் கடைசி ஆளாக மூச்சிரைக்க வருவாள். இதற்கு முன் சேர்த்த காப்பகத்தில், கடிக்கிற பிள்ளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். "இங்கயும் வேணாம்னுட்டா நான் வேலையை விட்டுட வேண்டியதுதாண்ணா" என்று முதல் நாளே மாமாவிடம் சொல்லியிருந்தாள்.

பேங்கில் வேலை பார்க்கும் பேங்க் அம்மாவின் மகன் கையில் சுண்டுவின் பல் பதிந்தது. மாமா அவளைச் சுவருக்கு அழைத்துப் போனார். சொன்னபடி தள்ளினாள். மறுநாளும் கடித்தாள். மறுபடியும் சுவர், மறுபடியும் கடி. பேங்க் அம்மா குரலை உயர்த்தாதவள். "இன்னொரு தடவை நடந்தா என் பையனை அனுப்பமாட்டேங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவள் போனால் அவள் சிநேகிதிகளும் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்பது அத்தைக்குத் தெரியும்.

"பாவம்தான். ஆனா கடி வாங்கறதும் பிள்ளைதானே?" என்றாள் கணவனிடம். "இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற இடம் பாருன்னு அவ அம்மாகிட்ட சொல்லிடுவேன். நீங்க குறுக்க வராதீங்க."

அன்று மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

மறுநாள் சாயங்காலம் சுண்டுவின் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். கடித்த பிறகு அவள் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கடிப்பதற்கு முன் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. கேட்டின் கொண்டி சத்தம் போட்டது. அவள் கையிலிருந்த கலர் பென்சில் நின்றது. வந்தது பக்கத்தில் இருந்த வேறொரு பையனின் அப்பா. அவன் குதித்து எழுந்தான். சுண்டு அவன் கையைப் பற்றி இழுத்து வாயைத் திறந்தாள். மாமா தன் கையை நடுவில் கொடுத்தார். கடி அவருக்கு விழுந்தது.

"கோபமா பாப்பா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்ன? எங்க என்ன பண்ணுது?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "உள்ள வாஷிங் மெஷின் சுத்துது."

"எப்பல்லாம் சுத்தும்?"

"எல்லாரும் போறப்ப. எங்கம்மா வரலைன்னா?"

மாமாவுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. பயந்துபோன பிள்ளையை அழைத்துப்போய் இத்தனை நாளாகச் சுவரைத் தள்ளவைத்திருக்கிறார். "பிரேக் போன வண்டிக்கு ஆயில் மாத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்று பிறகு மனைவியிடம் சொன்னார். "இந்தக் கடி கணக்குல வராதா?" என்று அவள் கேட்டதற்கு, "என் கை. நான் புகார் கொடுக்கல" என்றார்.

சுண்டுவிடம் சொன்னது வேறு. "இது கோபம் இல்ல பாப்பா. பயம். மாமாவுக்கும் சுத்தும். மலைமேல வண்டி ஓட்டறப்ப, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரியாது பாரு, அப்ப."

"அப்ப நீங்க கடிப்பீங்களா?"

"யாரைப் போய்க் கடிக்கறது? ஹாரன் அடிப்பேன்."

பரணில் கிடந்த பழைய ரப்பர் பந்து ஹாரன் கீழே இறங்கி ஜன்னல் கம்பியில் ஏறியது. வயிறு சுற்ற ஆரம்பித்தால் ஓடிப்போய் அமுக்கவேண்டும். சத்தம் கேட்டால் மாமா எங்கே இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்காருவார், அம்மா வரும்வரை நகரமாட்டார். அதுதான் ஒப்பந்தம். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் கொண்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு "பாம்!" அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் பேங்க் அம்மா சீக்கிரமே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள்ளேயே நின்றாள். பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. மகன் எழுந்தான். சுண்டு அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். மாமா ஹாலின் மறுகோடியில் யாருக்கோ ஷூ மாட்டிவிட்டுக்கொண்டு தரையில் இருந்தார். அவரால் நினைத்தவுடன் எழுந்துவிட முடியாது. பிடித்து எழ ஜன்னல் கம்பியும் எட்டவில்லை.

சுண்டு சட்டையை விட்டாள். ஓடினாள். "பாம்!"

"அவளுக்கு வயித்துல வாஷிங் மெஷின் சுத்துதும்மா. மாமா போய் உக்காந்தா நின்னுடும்" என்றான் பையன், பென்சில் டப்பாவை மூடிக்கொண்டே.

பேங்க் அம்மா சுண்டுவைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் வெளிய வாங்களேன்" என்று அத்தையை அழைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு பேரும் கேட்டருகே நின்று பேசினார்கள். பேச்சு நீண்டது. மாமா ஒப்பந்தப்படி சுண்டுவிடம் வந்துவிட்டார், ஆனால் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேசுவது காதில் விழவில்லை. மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது.

சுண்டு அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் வயிற்றைப் பார்த்தாள்.

"சுத்துதா மாமா?"

எனக்கென்ன என்று சொல்ல வாயெடுத்தவர் ஹாரனைப் பிடித்தார். அந்த ரப்பர் பந்து முழுசும் அவர் கைக்குள் அடங்கியது.

"பாம்!"

கேட்டருகே இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய மீசையும், அதற்குக் கீழே கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன மூக்கும். அத்தை, சிரிக்காமல், சாயங்காலம் மாமா முதுகுப்பையில் தட்டுவதுபோலவே, திறந்திருந்த கேட்டின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.